“தவறி விழுந்தேன்” என்று எழுதாதீர்கள்

வாசகர் கேள்வி – சட்டத்தரணி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான். வேலையில் விழுந்தது, கடையில் சறுக்கியது, நடைபாதையில் இடறியது, “எல்லாம் ஒன்லைனில்தானாமே, பிறகேன் ஒன்றும் நடக்கவில்லை?” என்று. அதனால் விசாக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான நடைமுறை. ஸ்கொட்லாந்தில் இருக்கும் வாசகர்கள் அங்குள்ள சட்டத்தரணியைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: அக்கா, நான் ஓர் உணவுக் களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறேன். குளிரறை வாசலில் தேங்கியிருந்த தண்ணீரில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. தொலைபேசியில் கதைத்த ஒரு நிறுவனம் அன்றைக்கே ஒன்லைனில் போட்டுவிட்டோம் என்றது. ஆறு கிழமை கழித்து “உங்கள் கேஸ் போர்டலை விட்டு வெளியே போய்விட்டது” என்று ஒரு மின்னஞ்சல். நான் தோற்றுவிட்டேனா? – ஒரு வாசகர், வெம்பிளி

இல்லை தம்பி, தோற்கவில்லை. அந்த மின்னஞ்சலை எழுதியவர் இன்னும் இரண்டு வரி சேர்த்திருந்தால் நீங்கள் நித்திரை கெட்டிருக்கத் தேவையில்லை.

போர்டல் என்பது சட்ட நிறுவனங்களும் காப்புறுதி நிறுவனங்களும் உள்நுழைந்து படிவங்களைப் பரிமாறும் ஓர் இணையத்தளம். 2010 ஏப்ரலில் வீதி விபத்துகளுக்காகத் தொடங்கினார்கள். 2013 ஜூலை 31 முதல் வேலையிடக் காயங்களையும் பொது இடக் காயங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். நட்டஈடு 25,000 பவுண்ஸ் வரையான கேஸ்களுக்கு. உங்கள் படிவம் போனதும் முதலாளியின் காப்புறுதி நிறுவனத்துக்கு 30 வேலை நாட்கள் அவகாசம். நீங்கள் சொல்லும் ஆறு கிழமை அதுதான். பொது இட விபத்தென்றால் 40 வேலை நாட்கள்.

அதற்குள் “ஆம், எங்கள் பிழை” என்று ஒத்துக்கொண்டால் கேஸ் உள்ளேயே நிற்கும். மருத்துவ அறிக்கை எடுத்து, தொகை கேட்டு, 35 வேலை நாட்களுக்குள் பேசி முடிக்கலாம். மறுத்தால் வெளியே. பதிலே போடாவிட்டாலும் வெளியே. “எங்கள் பிழைதான், ஆனால் அவரிலும் பிழை இருக்கிறது” என்று சொன்னாலும் வெளியே. வெளியே என்றால் பழைய வழி: கடிதம், ஆவணம், சாட்சி, தேவைப்பட்டால் நீதிமன்றம். வேகமான பாதை மூடிவிட்டது, வழக்கு உயிரோடுதான் இருக்கிறது. என் மேசைக்கு வரும் வேலையிடக் கேஸ்களில் பெரும்பாலானவை இப்படி வெளியே வந்துதான் முடிகின்றன.

ஏன் இவ்வளவு மறுப்பு? 2013 ஒக்டோபர் 1இல் சட்டம் மாறியது. அதற்கு முன் நடந்த விபத்தென்றால், முதலாளி பாதுகாப்பு விதி ஒன்றை மீறினார் என்று காட்டினாலே பல கேஸ்களில் போதும். இப்போது அவர் கவனயீனமாக இருந்தார் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். உங்கள் கேஸில் தண்ணீர் இருந்தது மட்டும் போதாது. எத்தனை நாளாக ஒழுகியது, யாருக்குத் தெரியும், யார் யாரிடம் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் எனக்கு வயிறெரியும் விடயம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

2014இல் ஓர் அம்மா வந்தார். வெதுப்பகத்தில் வேலை. மாவு பிசையும் இயந்திரத்தடியில் எண்ணெய் ஒழுகி, அதில் கால் வைத்து விழுந்து முழங்கால் உடைந்திருந்தது. காப்புறுதிக்காரர் மறுத்துவிட்டார்கள். மறுப்போடு விபத்துப் பதிவேட்டின் பிரதி ஒன்றும் வந்தது. அதில் மனேஜரின் கையெழுத்தில் ஒரே வரி: என் தவறால் வழுக்கி விழுந்தேன், மன்னிக்கவும். கீழே அம்மாவின் கையொப்பம்.

“ஏன் அம்மா இப்படிச் சொன்னீர்கள்?” என்று கேட்டேன். “நான் தவறி விழுந்திட்டன் எண்டுதானே பிள்ளை சொன்னனான்” என்றார்.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கிணற்றில் விழுந்தாலும் தவறி விழுந்தோம், படியில் விழுந்தாலும் தவறி விழுந்தோம். தமிழில் அது விழுந்த விதத்தைச் சொல்வது. யார் குற்றம் என்ற பேச்சே அதில் இல்லை. பக்கத்தில் நின்ற பிள்ளை அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல, மனேஜர் எழுத, அது குற்ற ஒப்புதலாகிவிட்டது. வலியில் துடித்துக்கொண்டே “பரவாயில்லை, என்னிலதான் பிழை, நான் பார்த்து வந்திருக்க வேணும்” என்று மரியாதைக்குச் சொல்லும் பழக்கமும் எங்களுக்கு உண்டு. எதிர்த்தரப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த அம்மாவைக் காப்பாற்றியது ஒரு வாளி. விழுவதற்கு ஒன்பது நாள் முன், கூட வேலை செய்த பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். புது ஏப்ரன் எப்படி இருக்கிறது என்று காட்ட எடுத்த படம். பின்னால் இயந்திரத்தடியில் ஒரு மஞ்சள் வாளி, அதற்குள் பாதிக்குக் கறுத்த எண்ணெய். ஒழுக்கு அவர்களுக்குத் தெரியாமல் வாளியை யார் வைத்தது? இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது, ஆனால் நட்டஈடு கிடைத்தது. விழுந்த அன்றைக்குப் பதிவேட்டில் “ஒழுகுகிறது என்று முன்பே சொல்லியிருந்தேன்” என்று ஒரு வரி இருந்திருந்தால் போர்டலிலேயே முடிந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சரி, உங்களுக்கு வருவோம். முதலில், உங்கள் பெயரில் போன படிவத்தின் பிரதியைக் கேளுங்கள். அதன் கடைசியில் “இதில் உள்ளவை உண்மை” என்ற உறுதிமொழி இருக்கிறது. அது உங்கள் வாக்கு, வாசித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கோல் சென்டரில் இருந்து பத்து நிமிடம் கேட்டு நிரப்பிய படிவங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். “ஈரமான தரையில் வழுக்கினார்” என்று மட்டும் இருக்கும். குளிரறை எத்தனை கிழமையாக ஒழுகியது என்பது இருக்காது, கேட்டும் இருக்கமாட்டார்கள். ஆங்கிலம் சிக்கலென்றால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் இரவு ஷிஃப்டில் அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள் இரண்டு பேரின் பெயர், துடைக்கச் சொல்லி வந்த குறுஞ்செய்தி, கதவைத் திருத்த வந்தவரின் திகதி, இவற்றை இப்போதே எழுதிக் கொடுங்கள். அந்த நிறுவனம் இதில் அக்கறை காட்டாவிட்டால் வேறு சட்டத்தரணியிடம் மாறலாம். மாறுமுன் பழைய ஒப்பந்தத்தில் கட்டணம் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: நான் வேலை செய்யும் கடை முதலாளி எங்கள் ஊர்க்காரர், நல்ல மனுசன். ஏணி சரிந்து விழுந்து தோள் விலகிவிட்டது. கிளெய்ம் போட்டால் அவருடைய கடையே மூடவேண்டி வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். – ஒரு வாசகர், குரோய்டன்

அவர் பொக்கற்றிலிருந்து போகாது ஐயா. ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளி காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குறைந்தது 50 இலட்சம் பவுண்ஸுக்கு. எடுக்காமல் இருந்தால் நாளொன்றுக்கு 2,500 பவுண்ஸ் வரை தண்டம். பல கடைகளில் அந்தச் சான்றிதழ் பின்னறைச் சுவரில், பால் டெலிவரி அட்டவணைக்குப் பக்கத்தில் தொங்கும். அடுத்த வருடம் அவருடைய கட்டணம் ஏறலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் இவ்வளவு காலம் காசு கட்டி வந்ததே இப்படி ஒரு நாளுக்காகத்தான். போய் நேரில் சொல்லுங்கள்: “அண்ணை, உங்களோட சண்டை இல்லை, இன்சூரன்ஸ் விபரத்தைத் தாங்கோ.” நல்ல மனுசன் என்றால் தருவார். தராவிட்டாலும் எந்த நிறுவனம் என்று தேடிப்பார்க்க இணையத்தில் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. உங்கள் சட்டத்தரணிக்குத் தெரியும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. கோயிலுக்குப் போகும் வழியில் நடைபாதைக் கல் ஒன்று மேலெழுந்து நின்றதில் இடறி விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. கவுன்சில் மீது போட முடியுமா? – ஒரு வாசகி, ரூட்டிங்

போடலாம். முதலில் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு அந்தக் கல்லைப் போய்ப் படம் எடுங்கள். முறைப்பாடு போனதும் கவுன்சில் அதைத் திருத்திவிடக்கூடும், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

எழுந்து நிற்கும் விளிம்போடு ஒரு 50 பென்ஸ் நாணயத்தை நிமிர்த்தி வைத்து, தரைமட்டத்தில் கமராவை வைத்து எடுங்கள். அதன் அகலம் 27.3 மில்லிமீற்றர். கல் நாணயத்தை மறைத்தால் நல்ல கேஸ். அளவுநாடா இருந்தால் இன்னும் நல்லது. சட்டத்தில் இத்தனை மில்லிமீற்றர் என்று எழுதவில்லை. ஆனாலும் 20 மில்லிமீற்றரோ ஓர் அங்குலமோ தாண்டினால்தான் பல கவுன்சில்கள் திருத்தவே வருகின்றன. பிறகு தெருவின் பெயர் தெரிய, எதிர்வீட்டு இலக்கம் தெரியத் தூரத்திலிருந்தும் இரண்டு படம்.

1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு நடைபாதையைப் பராமரிக்கச் சொல்கிறது. 58ஆம் பிரிவு கவுன்சிலுக்கு ஒரு கேடயம்: “நாங்கள் ஒழுங்காகப் பரிசோதித்தோம், போன முறை இது இல்லை” என்று காட்டினால் தப்பிக்கலாம். கவுன்சில் கேஸ்கள் போர்டலில் நிற்காமல் வெளியே வருவது பெரும்பாலும் இதனால்தான். அதை உடைக்க, விழுவதற்கு முன்பே யாராவது அந்தக் கல்லைப் பற்றி அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் தெருப்பெயரைப் போட்டால் பழைய முறைப்பாடுகள் திகதியோடு வரும். பரிசோதனைப் பதிவுகளைத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டும் எடுக்கலாம்.

அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரியில் “வயசு போட்டுது, கண் தெரியேல்லை” என்று சொல்ல வேண்டாம். உண்மையில் கண் தெரியாவிட்டால் வேறு. சும்மா பேச்சுக்குச் சொன்னால் அதுவும் மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும்.

கேள்வி: கார் விபத்துக்கு நாங்களே ஒன்லைனில் போடலாம் என்கிறார்கள். வேலையிடக் காயத்துக்கும் அப்படி முடியுமா? – ஒரு வாசகர், ஈஸ்ட்ஹாம்

நீங்கள் சொல்வது வேறு தளம். 2021 மே 31இல் தொடங்கியது, வீதி விபத்துக்கு மட்டும், காயத்துக்கான தொகை 5,000 பவுண்ஸைத் தாண்டாதவற்றுக்கு. வேலையிடக் காயத்தை அதில் போட முடியாது. காயத்தின் பெறுமதி 1,500 பவுண்ஸுக்கு மேற்படாவிட்டால் (2022 ஏப்ரலுக்கு முன் இது 1,000) அது சிறு வழக்கு. சட்டத்தரணியின் கட்டணத்தை எதிர்த்தரப்பிடம் வாங்க முடியாது. அதனால்தான் பல நிறுவனங்கள் சுளுக்குக் கேஸ்களை எடுப்பதில்லை. வென்றால் அவர்கள் உங்கள் தொகையில் எடுக்கும் வெற்றிக் கட்டணம், காயத்துக்கும் இதுவரையான இழப்புக்கும் கிடைத்ததில் 25 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. எதிர்கால இழப்பில் கை வைக்க முடியாது.

கேள்வி: எங்கள் ஆட்கள் உட்பட எல்லோரும் பொய்க் கிளெய்ம் போடுகிறார்கள், அதனால்தான் காப்புறுதி ஏறுகிறது என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா? – ஒரு வாசகர், ஹரோ

பொய்க் கேஸ் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் “எல்லோரும்” என்பதை ஏற்கமாட்டேன். 2013–14, 2014–15 காலத்தில் அரசாங்கத்தின் இழப்பீட்டு மீட்புப் பிரிவில் பதிவான வேலையிடக் கேஸ்கள் வருடத்துக்கு ஓர் இலட்சத்தைத் தாண்டின. வேலையிடச் சத்தத்தால் வந்த காது கேளாமைக் கேஸ்கள் குவிந்த காலம் அது. இப்போது அதில் பாதிகூட இல்லை. வேலையில் காயம்பட்டதாகத் தாங்களே சொன்னவர்கள் 2023–24இல் மட்டும் 604,000 பேர் என்று வேலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு சொல்கிறது. பத்துப் பேர் விழுந்தால் ஒருவர்கூடக் கேட்பதில்லை. சட்டம் இறுகியது ஒரு காரணம். 10,000 பவுண்ஸுக்கு உட்பட்ட கேஸை போர்டலில் முடித்தால் சட்டத்தரணிக்கு மொத்தம் 900 பவுண்ஸ்தான் என்று 2013இல் கட்டணத்தை நிர்ணயித்ததும் காரணம். நேரம் எடுத்துத் தமிழில் கதைக்க அதில் இடமில்லை. அப்படிக் கேட்காதவர்களில் எங்கள் ஆட்கள் நிறைய என்பது என் அனுபவம். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: விபத்து நடந்து இரண்டு வருடமும் பத்து மாதமும் ஆகிறது. போர்டலில் எப்போதோ போட்டாயிற்று, பயமில்லை என்கிறார்கள். சரியா? – ஒரு வாசகி, இல்ஃபர்ட்

பயம் இருக்கிறது தங்கச்சி. பெரியவர்களுக்கு மூன்று வருடக் கெடு, படிவம் போட்டதால் அந்தக் கடிகாரம் நிற்காது. நீதிமன்றத்தில் வழக்கைப் பதிந்தால்தான் நிற்கும். கெடு தாண்டிய பிறகும் நீதிபதி இடம் கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். இன்றைக்கே மின்னஞ்சலில் இரண்டே கேள்வி கேளுங்கள்: என் கேஸின் கடைசித் திகதி எது, அதற்குமுன் எந்தத் திகதியில் நீதிமன்றத்தில் பதிவீர்கள்? தொலைபேசியில் பதில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால், படிவத்தின் பிரதியையும் மருத்துவக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு திங்கள் காலையே வேறொரு சட்டத்தரணியிடம் போய்விடுங்கள்.