சலாலாவின் சாரல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஓமானில், சலாலா என்ற ஊரில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கலக்கம். ஓமான் என்றால் மணலும் வெயிலும்தானே? அங்குள்ள மக்கள் வெளியாட்களோடு பழகுவார்களா? நீங்கள் போய் வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ரா., தென்காசி

அன்புள்ள ரா.,

நீங்கள் தென்காசிக்காரர், அதனால் சொல்வது எளிது. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று சலாலாவையும் தொட்டுவிட்டுப் போகிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தோஃபார் மலைகள் மூடுபனிக்குள் இருக்கும். அந்தப் பருவத்துக்கு 'கரீஃப்' என்று பெயர். பெருமழை கிடையாது, தூறல்தான். மரத்தடியில் நின்றால், இலைகளில் திரண்ட பனி சொட்டிச் சொட்டித் தோள் நனைந்துவிடும். மற்ற வளைகுடா ஊர்கள் வெயிலில் வேகும் நாட்களில், சனங்கள் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து இங்கே புல்லில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சாலையோரக் கடைகளில் இளநீரும் வாழைக்குலையும் தொங்கும்.

மலையைத் தாண்டினால் ஒரேயடியாக வறட்சி. அந்தப் பக்கம்தான் குந்திரிக்க மரம் வளர்கிறது; நறுமணப் புகை போடும் பிசின் தருகிற மரம் அது. பட்டையைச் சீவிவிட்டால் பால் கசிந்து, சில நாட்களில் கெட்டியாகிவிடும். அப்புறம் மஸ்கட் போகும் வழி நெடுக வெட்டவெளி, கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். மணலுக்கு அங்கே குறைவில்லை, அது உண்மைதான்.

மக்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் போய்வந்தவர்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான ஸான்ஸிபாரை ஆண்டார்கள். இன்று பாகிஸ்தானின் பலூச்சிஸ்தானில் இருக்கும் குவாதர் 1958 வரை ஓமானுடையது. அதனால் மஸ்கட் பக்கம் பலூச்சி பேசும் குடும்பங்களும், ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்து வீட்டில் சுவாஹிலி பேசுகிறவர்களும் சாதாரணம். சலாலா மலைக்காரர்களின் தாய்மொழி அரபியே அல்ல, ஜிப்பாலி. பள்ளியில் உங்கள் மகள் அதையும் கேட்பார். இத்தனை பேச்சு கலந்த இடத்தில் வெளியாளை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். எனக்கு வழி சொன்ன பெரியவர், காஃபியும் பேரீச்சையும் தராமல் என்னை விடவில்லை.

முதல் விடுமுறையிலேயே கோர் ரோரிக்குப் போய்வரச் சொல்லுங்கள். சலாலாவுக்குக் கிழக்கே, காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. குந்திரிக்கம் கப்பலேறிய பழைய சும்ஹுரம் துறைமுகத்தின் கற்சுவர்கள் அங்கே உப்பங்கழியின் கரையில் நிற்கின்றன. அங்கு தோண்டியபோது தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் இருந்த பெயரைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 'ணந்தை கீரன்' என்று படித்தார். கி.பி. முதல் நூற்றாண்டு என்கிறார்கள். அந்தச் சுவர் ஓரம் நின்று கடலைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கீரனைப் பற்றிச் சொல்லுங்கள்.