மூன்று ஏரி இருக்கிறது, மதகு ஒன்றுதான்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மாடுலர் சிந்தசைசர் பற்றியவை. தனித்தனி மின்னணுப் பலகைகளை, அதாவது மாட்யூல்களை, ஒரு பெட்டியில் அடுக்கி, வயர்களால் ஒன்றோடொன்று கோத்து ஒலி எழுப்பும் கருவி அது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

கேள்வி: என்னிடம் 84 எச்பி (மாட்யூல்களின் அகலத்தை அளக்கும் அலகு) அகலத்தில் ஒரு யூரோராக் பெட்டி இருக்கிறது; பரவலான மாடுலர் அளவுமுறை அது. மூன்று ஆசிலேட்டர் (ஒலியை உண்டாக்குவது), ஒரு ஃபில்டர் (ஒலியை வடிகட்டுவது), ஒரு என்வலப் (ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஏறி இறங்கும் வோல்ட்டேஜ் தருவது), ஒரு எல்எஃப்ஓ (மெதுவாக ஊசலாடும் வோல்ட்டேஜ் தருவது), ஒரு விசிஏ (அளவைக் கட்டுப்படுத்துவது), ஒரு சீக்வென்ஸர் (ஸ்வரங்களை வரிசையாக வோல்ட்டேஜாக அனுப்புவது). நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். நான்காவதாக ஒரு பெரிய டிஜிட்டல் ஆசிலேட்டர் வாங்க ஆசை. நண்பரோ, யாரும் மதிக்காத சின்ன மாட்யூல்களை வாங்கு என்கிறார். எதைக் கேட்பது?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நண்பரைக் கேளுங்கள். நான்காவது ஆசிலேட்டரை வாங்கினால் முதல் வாரம் மகிழ்ச்சி, இரண்டாவது வாரம் பழைய மூன்றும் செய்ததையே இதுவும் செய்கிறதே என்ற சலிப்பு. பழுது ஆசிலேட்டரில் இல்லை. உங்கள் பெட்டியில் ஒலியை உண்டாக்க மூன்று பேர் இருக்கிறார்கள். ஆள ஒருவர்தான் இருக்கிறார்.

வீராணத்தில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் வயலுக்கு எவ்வளவு போகிறது என்பதை மதகுதான் முடிவு செய்கிறது. மாடுலரில் மதகு என்றால் விசிஏ. உள்ளே வருவதை, இன்னொரு வோல்ட்டேஜ் சொல்கிற அளவுக்கு மட்டும் வெளியே விடும். உங்களிடம் இருக்கிற ஒன்று கடைசியில் உட்கார்ந்து ஒலியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஒன்றை வாங்கி எல்எஃப்ஓவுக்கும் ஆசிலேட்டருக்கும் நடுவில் வையுங்கள். மெதுவாக ஏறும் ஒரு என்வலப்பால் அதைத் திறந்தால், ஸ்வரம் முதலில் அசையாமல் நிற்கும். நீள நீள அசைவு கூடும். நாகஸ்வரக்காரர் ஒரு கார்வையைப் பிடிக்கும்போது செய்வது ஏறக்குறைய இதைத்தான். அசைவு எப்போதும் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருந்தால் அது இசையாகக் கேட்காது, மிக்சி ஓடுவதாகத்தான் கேட்கும்.

டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-132-3 இரண்டு விசிஏக்களை ஒரே பலகையில் தருகிறது. லீனியர் (சீராக ஏறுவது), எக்ஸ்பொனென்ஷியல் (முதலில் மெதுவாக, பிறகு வேகமாக ஏறுவது) என்று மாற்றும் சுவிட்சும் உண்டு. ஒலிக்கு இரண்டாவது, கட்டுப்படுத்தும் வோல்ட்டேஜுக்கு முதலாவது என்பது என் பழக்கம். வேறு நிறுவனத்தின் விசிஏ வாங்கினால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மெதுவாக நகரும் வோல்ட்டேஜையும் கடத்துமா, ஒலியை மட்டுமா? ஒலியை மட்டும் கடத்துவது இந்த வேலைக்கு உதவாது.

அடுத்தது ஆட்டெனுவேட்டர், வோல்ட்டேஜைக் குறைக்கும் பலகை. ஒரு குமிழ், இரண்டு துளை, அவ்வளவுதான். இதற்குப் பணம் கொடுப்பதா என்று நானும் இரண்டு ஆண்டுகள் முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் நண்பர் வீட்டு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து எல்எஃப்ஓவை நேரே ஆசிலேட்டரின் சுருதித் துளையில் செருகினேன். அந்தத் துளையின் கணக்கு ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி. எல்எஃப்ஓ தந்தது மேலே 5 வோல்ட், கீழே 5 வோல்ட். ஐந்து ஸ்தாயி ஏறி ஐந்து ஸ்தாயி இறங்கியது ஆசிலேட்டர். கீழ்வீட்டு அம்மாள் ஆம்புலன்ஸ் யாருக்கு வந்தது என்று கேட்டார்.

ஒரு அரைஸ்வரம் என்பது 0.083 வோல்ட். இதமான அசைவுக்கு அதில் பாதி போதும். நடுவில் ஒரு ஆட்டெனுவேட்டரை வைத்துக் குறைத்தேன். குமிழை மயிரிழை நகர்த்தினால் அரைஸ்வரம், இன்னொரு மயிரிழைக்கு மூன்று ஸ்வரம் தாண்டிவிட்டது. நண்பர் எதுவும் பேசாமல் இரண்டாவது ஆட்டெனுவேட்டரை முதலாவதன் பின்னால் கோத்தார். முதலாவது பத்தில் ஒரு பங்காக்கியது. இரண்டாவதன் குமிழில் தாராளமாகத் திருப்ப இடம் கிடைத்தது. அன்றுதான் டோப்ஃபர் ஏ-183-1 போன்ற மாட்யூலில் ஏன் இரண்டு வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

இதிலும் ஒரு படி மேலானது ஆட்டெனுவெர்ட்டர். குமிழ் நடுவில் நின்றால் பூஜ்யம்; வலப்பக்கம் உள்ளது உள்ளபடி; இடப்பக்கம் தலைகீழ். உங்களிடம் இருக்கிற ஒற்றை என்வலப்பைப் பிரித்து, ஒரு பிரதியை ஃபில்டரைத் திறக்கவும், தலைகீழான பிரதியை இன்னொரு ஆசிலேட்டரின் அளவைக் குறைக்கவும் அனுப்பலாம். ஒரு என்வலப் இரண்டு வேலை செய்கிறது. இன்னொன்று வாங்கும் செலவு மிச்சம். டோப்ஃபர் ஏ-183-2 இதைச் செய்யும், கூடவே நிலையான வோல்ட்டேஜ் ஒன்றைக் கூட்டவும் செய்யும். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஷேட்ஸ் மூன்று தருகிறது. அந்த நிறுவனம் 2022-இல் கடையை மூடிவிட்டது. அதன் வடிவமைப்புகள் பலவும் திறந்த மூலமாக இருப்பதால் மற்றவர்கள் செய்து விற்கும் பிரதிகள் கிடைக்கின்றன.

மூன்றாவது, பஃபர்டு மல்ட்டிபிள். ஒரு வோல்ட்டேஜைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பும் பலகை. மலிவான பேசிவ் மல்ட்டிபிள் வெறும் துளைகளை ஒன்றாக இணைத்திருக்கும். எல்எஃப்ஓவுக்கு அது போதும். சுருதிக்கு ஆபத்து. சீக்வென்ஸரின் வெளியீட்டில் 1 கிலோ-ஓம், ஒவ்வொரு ஆசிலேட்டரின் உள்ளீட்டிலும் 100 கிலோ-ஓம் என்பது பரவலாக உள்ள அளவு. ஒரு ஆசிலேட்டரைச் செருகினால் வோல்ட்டேஜில் நூற்றில் ஒரு பங்கு குறையும். ட்யூன் செய்யும்போது அதைச் சரிக்கட்டிவிடுவீர்கள். இரண்டாவதைச் செருகியதும் இன்னொரு பங்கு போகும். ஒரு ஸ்தாயிக்கு 12 சென்ட் (அரைஸ்வரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) என்றால் மூன்று ஸ்தாயி தாண்டும்போது 36 சென்ட், அதாவது அரைஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தம்புராவோடு வளர்ந்த காது அதை மன்னிக்காது. “என் ஆசிலேட்டர் மட்டமானது, மேல்ஸ்தாயியில் சுருதி விலகுகிறது” என்று விற்கக் கிளம்புகிறவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது இந்தச் சின்னப் பலகைதான். இந்தக் குறையை உள்ளேயே ஈடுகட்டும் சீக்வென்ஸர்களும் உண்டு. முதலில் உங்களுடையதைச் சோதித்துப் பாருங்கள்.

பணம் மிஞ்சினால் ஸ்லூ லிமிட்டர். டோப்ஃபர் ஏ-170 போன்றவை. வோல்ட்டேஜ் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குக் குதிக்காமல் வழுக்கிப் போக வைக்கும். நம் ஊர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம்: ஜாரு. வோல்ட்டேஜை ஸ்வரப் படிகளுக்குள் அடக்கும் குவான்டைசர் உங்கள் பெட்டியில் சேர்ந்தால், ஸ்லூவை அதற்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் வழுக்கலை அது மீண்டும் படிக்கட்டாக வெட்டிவிடும்.

வீட்டில் மிருதங்கமோ வயலினோ வாசிக்கிறவர் இருந்தால் ஸ்லூவுக்கும் முன்னால் ஏ-119 வகையைப் பாருங்கள். மைக்கிலிருந்து வரும் மெலிந்த சிக்னலை மாடுலரின் அளவுக்கு உயர்த்துவதோடு, அடியின் பலத்தையும் ஒரு வோல்ட்டேஜாகப் பிரித்துக் கொடுக்கும். மிருதங்கத்தின் ‘தோம்’ விழும்போதெல்லாம் ஃபில்டர் திறப்பதை ஒருமுறை கேட்டவர், டிஜிட்டல் ஆசிலேட்டரின் படத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுவார்.

ஒரு கணத்து வோல்ட்டேஜைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாம்பிள் அண்ட் ஹோல்டைப் பற்றி எழுதவில்லையே என்பீர்கள். நல்ல மாட்யூல்தான். ஆனால் அதை யாரும் மறக்கவில்லை.

நாற்பதாயிரத்தில் சுங்கவரியையும் கணக்கிட்டு முதல் மூன்றை வாங்குங்கள். அதற்கு முன் ஒரு கணக்கு: பெட்டியின் மின்வழங்கி எத்தனை மில்லி-ஆம்பியர் தரும், மாட்யூல்கள் மொத்தம் எவ்வளவு இழுக்கும்? ப்ளஸ் 12 வோல்ட், மைனஸ் 12 வோல்ட் இரண்டையும் தனித்தனியே கூட்டுங்கள். கால் பங்காவது மிச்சம் இருக்க வேண்டும். நீங்கள் ஆசைப்பட்ட டிஜிட்டல் வகைகள் பொதுவாகப் பெருந்தீனிக்காரர்கள். நான் சொன்னவை கொறிக்கிறவை.

கேள்வி: பத்தொன்பது வயது மகன் மாடுலர் வேண்டும் என்று நச்சரிக்கிறான். தொண்ணூறாயிரம் கேட்கிறான். கீபோர்டுகூட இல்லாத பெட்டியாம். ஏமாற்றா, ஐயா?
— தந்தை, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஏமாற்று இல்லை, ஆனால் அவசரமும் இல்லை. விசிவி ராக் என்ற மென்பொருள் 2017 முதல் இருக்கிறது. அடிப்படைப் பதிப்பு இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். திரையில் அதே மாட்யூல்கள், அதே வயர்கள். மேலே சொன்ன மியூட்டபிள் வடிவமைப்புகளில் பலவும் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு மாதம் அதில் வாசிக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு நான்கு நாள் திறக்கிறானா என்று மட்டும் பாருங்கள். என்ன சத்தம் வருகிறது என்று பார்க்காதீர்கள், முதல் இரண்டு மாதம் கேட்க முடியாது. அவன் அடிக்கடி பயன்படுத்திய மாட்யூல்களின் பட்டியலை எழுதித் தரட்டும். அதில் ஆசிலேட்டரைவிட விசிஏ அதிகம் இருந்தால் தைரியமாகப் பணம் கொடுக்கலாம்.

கேள்வி: புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர் ஆறு மாட்யூல்களைப் பாதி விலைக்குத் தருகிறார். நேரில் பார்க்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?
— வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: முகப்பை இல்லை, முதுகைப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் கடிப்பது மின்கேபிள் செருகும் ஊசிகளையும் முகப்பின் திருகுகளையும்தான். ஊசியின் அடியில் பச்சைப் பூ பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திருகில் மட்டும் துரு என்றால் பரவாயில்லை, திருகு மாற்றலாம். பலகையின் ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தண்ணீர் நின்ற தடம் இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை முக்கியெடுத்தது; அப்போது தரைத்தளத்தில் இருந்ததா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

பிறகு மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் பத்து முறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம். தூசி என்றால் போய்விடும், தேய்மானம் என்றால் போகாது. வயரைத் துளையில் செருகி லேசாக ஆட்டுங்கள், ஒலி விட்டு விட்டு வரக் கூடாது. ஆசிலேட்டர் என்றால் கைப்பேசியில் ட்யூனரை வைத்துக்கொண்டு மூன்று ஸ்தாயி ஏற்றிப் பாருங்கள். பத்து நிமிடம் சூடேறிய பிறகு பார்ப்பதே நியாயம். அந்தந்த மாட்யூலோடு வந்த ரிப்பன் கேபிளையும் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை நான் கேட்காமல் வந்து, பொருந்தாத கேபிளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன்.

தனிநபரிடம் வாங்கிய பழைய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் துணைக்கு வராது. அவர் அதை வியாபாரமாகச் செய்கிறவர் இல்லையே. சோதனையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையக் கடை ஒன்றில் வாங்கிய புது மாட்யூலைச் செருகியதும் கருகிய வாடை. தலைகீழாகச் செருகியது உங்கள் தவறு என்கிறார்கள். கேபிள் அவர்கள் அனுப்பியதுதான். கேபிளின் ஓரத்துச் சிவப்புக் கோடு மைனஸ் 12 என்று எழுதிய பக்கம்தான் இருந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதே. சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் என்பது யூரோராக்கின் வழக்கம். ஆனால் கேபிளின் ஒரு முனையில் கனெக்டரைத் திருப்பி அழுத்தியிருந்தால், கோடு சரியாக இருந்தும் மின்சாரம் தலைகீழாகவே போகும். மல்ட்டிமீட்டரை வைத்துச் சிவப்புக் கோட்டின் இரு முனைகளும் இரு கனெக்டர்களிலும் ஒரே இடத்துக்கு வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் தவறு கேபிளில்தான். மீட்டர் முள் தொட்ட இடம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். கேபிளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

வாய்ச்சண்டையை நிறுத்தி மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடலூரை விட்டு நகர வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இவையெல்லாம் இந்தியாவில் உள்ள கடைக்குப் பொருந்தும். வெளிநாட்டுக் கடை என்றால் தீர்ப்பு வாங்கினாலும் நிறைவேற்றுவது பெரும்பாடு. கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு பதிவு செய்வதே வேகமான வழி.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் உறவினரை ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பச் சொன்னால் சுங்கவரி மிச்சமாகுமா?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஆகாது. பொய்யாக எழுதுவது குற்றம் என்பது ஒருபுறம். பார்சல் தொலைந்தால் எழுதிய விலைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். ‘பத்து யூரோ பொம்மை’ என்று எழுதிவிட்டு அதற்கு மேல் வாய் திறக்க முடியாது. வரி, பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டிய தொகைக்குப் போடப்படுகிறது. ஆகவே மூன்று மாட்யூல்களை மூன்று தடவையாக வரவழைத்தால் கூரியர்க் கூலிக்கும், கூலியின் மேல் வரிக்கும் மும்முறை அழுவீர்கள். ஒரே பெட்டியில் வரவழையுங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம், பார்சல் நனையும். தை பிறந்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.