செருப்பு ஏன் இறுக்குகிறது?

உங்கள் கடிதத்தின் கடைசி நாலு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். முகூர்த்தத்துக்கென்று போன மாதம் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் வாங்கிய செருப்பு, இப்போது சாயங்காலமானால் காலுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கிறது, மை நேராக வரவில்லை. 'கடை கடையாக ஏறி இறங்கிய அலுப்பு, தூக்கமும் சரியில்லை' என்று காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. நாளைக் காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை லேபில் கொடுத்து 'யூரின் ரொட்டீன்' பாருங்கள். அதற்கும் முன்னால், முகத்தில் தடவும் அந்தச் சிகப்பழகு கிரீமை இன்று இரவே நிறுத்துங்கள்.

ஆபீஸில் உங்களோடு சேர்த்து நாலு தோழிகள். ஒருவர் வாங்கும் லிப்ஸ்டிக்கை நாலு பேரும் போட்டுப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே துணிக்கடைக்குப் போவது, எந்தப் பட்டுக்கு எந்த பார்டர் எடுக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எல்லாம் நல்லதுதான். கல்யாண வேலையில் அப்படிப்பட்ட துணை கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த நால்வரில் ஒருவர், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது என்று ஒரு சின்ன டப்பாவை உங்களுக்குத் தந்திருக்கிறார். மூன்று வாரத்தில் முகம் வெளுத்தது. ஐந்து மாதமாக தினமும் இரவில் தடவுகிறீர்கள். டப்பாவின் மேல் கம்பெனி முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. தோழி சொன்ன ஒரே எச்சரிக்கை: 'போடும்போது மோதிரத்தைக் கழற்றி வை, தங்கத்தில் பட்டால் வெள்ளையாகிவிடும்.'

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். தங்கத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளுக்க வைக்கிற பொருள் பாதரசம். நகைப் பட்டறையில் வேலை செய்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். முகத்துக்குப் பூசும் ஒழுங்கான கிரீம் எதற்கும் தங்கத்தோடு பகை கிடையாது. நகையில் படக்கூடாது என்று ஒரு சிகப்பழகு கிரீமில் எழுதியிருந்தாலோ, விற்கிறவர் வாயால் சொன்னாலோ, அதில் பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். நம் நாட்டு அழகுசாதன விதிகள் (2020) கிரீமில் வேண்டுமென்று பாதரசம் சேர்ப்பதை அனுமதிப்பதில்லை. தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. முகவரியே இல்லாத டப்பாவுக்கு இந்த விதியெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் நொதியின் வேலையைப் பாதரசம் தடுத்துவிடும். அதனால்தான் அத்தனை சீக்கிரம் வெளுப்பு தெரிகிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேருகிறது. சிலருக்கு அங்கே உள்ள சல்லடை கெட்டுப்போய், உடம்பில் தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுக ஆரம்பிக்கும். அல்புமின் குறைந்தால் ரத்தக் குழாய்க்குள் நிற்க வேண்டிய நீர் வெளியே கசிந்து தோலுக்கு அடியில் தேங்கும். படுத்து எழுந்தால் கண்ணோரத்தில், நாள் முழுக்க நின்றால் கணுக்காலில். நீங்கள் எழுதியிருக்கும் நேரக் கணக்கு அப்படியே இதுதான். அலுப்பு என்றால் ராத்திரி தூங்கி எழுந்ததும் வடிந்திருக்க வேண்டும்; கண்ணுக்கு மேல் இடம் மாறி வந்து உட்காராது.

இது எங்கோ நடக்கும் சமாசாரமும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பரனஸ் நெப்ரோபதி என்ற இந்தச் சல்லடை நோயோடு வந்த 22 பேரைக் கவனித்து எழுதினார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிகப்பழகு கிரீம் பூசியவர்கள். நோயாளிகளில் பெரும்பாலானோர் கிரீமை நிறுத்தியதும் தேறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு அதுதான் பதில்: நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்று இரவு வீட்டிலேயே ஒன்று பாருங்கள். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்திவிட்டு எடுங்கள். பிசைந்த மாவில் விரல் பட்டதுபோல் குழி நின்றால் அது நீர். சிறுநீர் போனபின் கழிப்பறையில் நுரை கலையாமல் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். குழி விழவில்லை, நுரை இல்லை என்றாலும் பரிசோதனையைத் தள்ளிப் போடக்கூடாது. பெரிய செலவில்லாத பரிசோதனை, அரசு மருத்துவமனையிலும் எடுப்பார்கள்.

ரிப்போர்ட்டில் அல்புமின் 'நில்' (Nil), அதாவது இல்லை என்று வந்தால் நிம்மதி. கிரீமை மட்டும் திரும்பத் தொடாதீர்கள், வீக்கத்துக்கு வேறு காரணம் உண்டா என்று உங்கள் டாக்டர் பார்ப்பார். பிளஸ் குறி ஒன்றோ இரண்டோ வந்தால் அந்த வாரத்துக்குள் சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும். 'கல்யாணம் முடியட்டும்' என்ற பேச்சே வேண்டாம். ஏழு வாரம் இருக்கிறது, அதற்குள் நிறைய செய்யலாம். ரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ரத்தத்தில் அல்புமின், சிறுநீரில் எவ்வளவு புரதம் போகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். போகும்போது டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் கெண்டைச்சதை வலித்து வீங்கினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அப்புறம் அந்த மாத்திரை. 'நீர் பிரிய' என்று தோழி சொல்லி, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் லாசிக்ஸ் வாங்கி மூன்று நாள் போட்டிருக்கிறீர்கள். கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அம்மா. முன்னது நீரோடு சேர்த்து உப்புச் சத்தையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும், வீக்கத்தைக் கொஞ்சம் வடியவைத்து நோயை மறைக்கும். பின்னது ஏற்கெனவே அடிபட்டிருக்கக்கூடிய சிறுநீரகத்தை இன்னும் படுத்தும். இரண்டையும் நிறுத்துங்கள். பார்லித் தண்ணீர் குடித்தால் குடியுங்கள், அதை நம்பி மட்டும் உட்காராதீர்கள்.

இனி நீங்கள் உண்மையில் பயப்படும் விஷயம். கடிதத்தின் நடுவில், லிப்ஸ்டிக்குக்கும் பிளவுஸுக்கும் இடையில் ஒளித்து எழுதியிருக்கிறீர்கள்: 'பெண் பார்க்க வந்தபோது இந்த நிறத்தில்தான் பார்த்தார்கள். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமா?' ஆகும். மெல்ல மெல்ல உங்கள் சொந்த நிறம் திரும்பி வரும். இது போன்ற டப்பாக்களில் ஸ்டீராய்டும் கலந்திருப்பதுண்டு. அப்படி இருந்தால் நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரியும், சின்னச் சின்னப் பருக்கள் வரும். பயந்துபோய்த் திரும்ப எடுத்துத் தடவிவிடாதீர்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது, தோல் மருத்துவரிடம் இப்போதே நேரம் வாங்குங்கள். மேக்கப் போடுகிறவரை முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்பு வரச்சொல்லி, அப்போது இருக்கும் நிறத்துக்கு, கழுத்தோடு வைத்துப் பார்த்து ஃபவுண்டேஷன் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். 'ஒரு கிரீம் போட்டேன், அது கெடுதல் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார்' என்றால் போதும். என்னிடம் இதே தயக்கத்தோடு வந்த பெண்களை நிறைய பார்த்திருக்கிறேன்; அந்தத் தயக்கத்தில் கழிந்த மாதங்களே அவர்களை அதிகம் கெடுத்தன.

மற்றவை சுருக்கமாக. லிப்ஸ்டிக்கால் புற்றுநோய் வரும் என்று வந்த வீடியோவை அழித்துவிடுங்கள். யாருக்காவது உதட்டில் நீர்க்கொப்புளம் இருக்கும்போது மட்டும் லிப்ஸ்டிக்கைப் பகிர வேண்டாம். மையும் மஸ்காராவும் எப்போதும் அவரவருக்குத் தனி. பிளவுஸ் லைனிங் அரிக்கிறது என்றால் தைப்பதற்கு முன் துணியை ஒருமுறை அலசிக் காயவைத்துக் கொடுங்கள். மாதவிடாய்க்கு முன் தாடையில் வரும் இரண்டு பரு எதற்கும் அறிகுறி அல்ல. முடி கொட்டுவதை ரத்தப் பரிசோதனையின்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.

உங்கள் தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் தனியாகத் துவையுங்கள். அக்கா குழந்தை உங்களோடு படுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கன்னத்தோடு கன்னம் வைத்தாலே கிரீமில் உள்ள பாதரசம் குழந்தைக்கும் ஒட்டும். அவளுடைய சிறுநீரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டப்பா கொடுத்த தோழியோடு சண்டை போடாதீர்கள். அவர் ஒரு வருஷமாகத் தடவுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலை லேபுக்கு அவரையும் கூட்டிப் போங்கள். மற்ற இருவரும் பூசியிருந்தால் அவர்களையும். பட்டு பிளவுஸுக்கு மட்டும் இந்த வாரம் அளவு கொடுக்காதீர்கள். வீக்கம் வடிந்தபின் கொடுத்தால் டெய்லர் பிரித்துத் தைக்க வேண்டியிருக்காது.