கேள்வி பதில்: மண்மேட்டிலிருந்து வந்த பெயர்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் உயரமான சிகரத்துக்கு கோசியஸ்கோ என்று ஒரு போலந்துக்காரர் பெயர் ஏன்? பத்து வயது மகளோடு போகப் போகிறேன், ஏறிவிட முடியுமா?

பதில்: அந்த ததேயுஷ் கோசியஸ்கோ ஆஸ்திரேலியாப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்டவர், 1794-இல் போலந்தில் ரஷ்யாவுக்கு எதிரான கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், 1817-இல் இறந்துபோனார். கிராக்கோவ் நகரத்தில் அவர் நினைவாக மண்ணைக் கொட்டிக் கொட்டி ஒரு பெரிய மேட்டையே எழுப்பினார்கள், 1823-இல் வேலை முடிந்தது. 1840-இல் இந்த மலைக்கு வந்த ஆய்வுப் பயணி ஸ்ட்ரெலெக்கியும் போலந்துக்காரர்தான். உச்சியைப் பார்த்ததும் அவருக்கு அந்த மேடு ஞாபகம் வர, அந்தப் பெயரையே வைத்துவிட்டார். அவர் ஏறியது இதே உச்சியா, பக்கத்தில் 19 மீட்டர் மட்டுமே குறைவாக நிற்கும் டவுன்சென்ட் சிகரமா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில்கூட 'இசட்' விடுபட்டே கிடந்து, 1997-இல்தான் சேர்த்தார்கள். இத்தனைக்கும் இது காலங்காலமாக ஙரிகோ மக்களின் மண், அவர்களை யாரும் கேட்கவில்லை. ('ங'வில் ஒரு பெயரைத் தொடங்கி எழுத எனக்கு வேறு எப்போது வாய்ப்பு கிடைக்கும்!)

சரி, ஏறுவதற்கு வருவோம். உயரம் 2,228 மீட்டர், ஆனால் பயப்பட வேண்டாம். அடிவாரத்து ஊரான திரெட்போவில் நாற்காலி லிஃப்டில் மேலே போய்விட்டால் அங்கிருந்து போக வர 13 கிலோமீட்டர் நடைதான், மலைச்செடிகள் மிதிபடாமலிருக்கப் பெரும்பகுதி தூரத்துக்கு இரும்பு வலைப் பாதை போட்டிருக்கிறார்கள். நடக்கிற பழக்கமுள்ள பிள்ளை என்றால் நிதானமாகப் போய் வந்துவிடுவாள். சார்லட் கணவாய் வழி போக வர 18 கிலோமீட்டர், அது பழைய கார் சாலை, 1970-கள் வரை உச்சிக்குப் பக்கத்திலேயே வண்டியில் போய் இறங்கியிருக்கிறார்கள். குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், அங்கே அதுதான் கோடை, ஜூலையில் போனால் பனிதான். கோடையிலும் நல்ல வெயிலில் கிளம்பி, மேலே போவதற்குள் காற்றும் குளிரும் பிடித்துக்கொள்ளும், அதனால் காற்றுத் தடுக்கும் மேலங்கி கட்டாயம். மேலே ஒதுங்க ஒரு மரம் கிடையாது, தொப்பியை மறக்காதீர்கள். கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், விட்டுவிட்டால் கீழே வரைக்கும் நடைதான். அப்புறம், உச்சிக்குச் சற்று முன்னால் ராசன் கணவாயில் கழிப்பறை இருக்கிறது. மகளை அங்கேயே போகச் சொல்லிவிடுங்கள், மேலே எதுவும் கிடையாது.