மகளுக்கு முதலில் ஒரு சம்பளம் போடுங்கள்

அம்மா, "கொக்கி ஊசியால் குரோஷே பின்னி மகள் எத்தனை நாள் வீட்டைத் தாங்குவாள், பேசாமல் ஏதாவது வேலைக்கு அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். பயம் புரிகிறது. ஆனால் நூல் வாங்கி, பின்னி, படம் எடுத்து, விற்று, அப்பாவின் மருந்துச் செலவையும் தம்பியின் படிப்பையும் 21 வயதில் பார்த்துக்கொள்கிற பெண் ஏற்கெனவே வேலையில்தான் இருக்கிறாள். என்ன, வருகிற பணம் முழுவதும் வீட்டுக்கே போய்விடுவதால் அவளுக்கென்று சம்பளம் இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

குரோஷேயை ஆலையில் மொத்தமாகச் செய்து தள்ள இயந்திரம் கிடையாது, ஒவ்வொரு கண்ணியும் கை போட்டதுதான். அதனால் அவள் விற்பது நூலை இல்லை, நேரத்தை. ஒரு பை பின்ன 6 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் உட்கார்ந்தால் 208 மணி நேரம், கணக்குப்படி 34 பை. ஆனால் படம் எடுப்பது, பதில் சொல்வது, பொட்டலம் கட்டுவது என்று மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விடும், மிஞ்சுவது 23 பைதான். வீட்டுக்கு மாதம் தேவைப்படும் தொகையோடு அவளுக்கென்று ஒரு சம்பளத்தையும் சேர்த்து 23-ஆல் வகுத்துப் பாருங்கள். நூல் செலவு போக ஒவ்வொரு பையிலும் அவ்வளவு நிற்க வேண்டும். நிற்கவில்லையா, விலையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் குறைந்த நேரத்தில் முடிகிற பொருளுக்கு மாற வேண்டும். இன்னும் கொஞ்சம் கூட்டிப் பின்னினால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள், மணிக்கட்டு தாங்காது, வலி வந்தால் வருமானமே நின்றுவிடும். அவளுடைய டிசைன்களைப் பின்னல் குறிப்பாக எழுதி விற்கலாம், வகுப்பும் எடுக்கலாம். குறிப்பை ஒரு தடவை எழுதினால் போதும், பல பேருக்கு விற்கலாம்.

கடைக்காரர்கள் மொத்தமாகக் கேட்டால் பெரும்பாலும் சில்லறை விலையில் பாதிக்குத்தான் கேட்பார்கள். அந்தப் பாதியில் நூலும் கூலியும் அடங்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும், அதில் தப்பே இல்லை. விற்ற பிறகு பணம் தருகிறேன் என்பவரிடம் எத்தனை பொருள், எந்தத் தேதிக்குள் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

அவள் தொழிலுக்கு வங்கிக் கணக்கைத் தனியாக வையுங்கள். அடுத்த மாத நூலுக்கான பணத்தை வீட்டில் யாரும், நீங்களும்தான், தொடக் கூடாது.

அவளும் படிப்பை விட்டுவிட வேண்டாம். தொலைதூரக் கல்வியில் வணிகவியல் எடுத்தால் படிப்பதை அன்றைக்கே தன் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஆர்டர், செலவு, வரவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வரட்டும், நாளைக்கு வேறு வேலைக்குப் போனாலும் அது அனுபவமாக நிற்கும். அப்புறம், பொட்டலம் கட்டுவதையும் பதில் சொல்வதையும் தம்பி செய்யலாமே, அவன் படிப்புக்கும்தானே அவள் உழைக்கிறாள்?

ஒரு வருடம் இப்படி ஓடட்டும், நோட்டைப் பார்த்துவிட்டு வேலையைப் பற்றி முடிவு செய்யலாம். அடுத்த முறை மகளையே எழுதச் சொல்லுங்கள் அம்மா, அவளுக்கு என்ன ஆசை என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.