வாசகர் கேள்வி – பதில்: லயத்து வாசலில் இரண்டு படி

கேள்வி: முதுகெலும்பில் அடிபட்ட என் தம்பி சக்கர நாற்காலியில் இருக்கிறான். நாங்கள் இருப்பது தோட்டத்து வரிசை வீடான லயத்தில். இஸ்தோப்பிலிருந்து (முன் விறாந்தையிலிருந்து) முற்றத்துக்கு இரண்டு படி. கல்யாணம், கோயில் என்று எங்கே போனாலும் தூக்கித்தான் இறக்குகிறோம். இப்போது எதற்கும் வரமாட்டேன் என்கிறான். பலகை வைத்துப் பார்த்தோம், நாற்காலி பின்னால் சாய்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: பலகை நீளம் போதவில்லை. படிகளின் மொத்த உயரத்தை அளந்து 12ஆல் பெருக்குங்கள். 18 செ.மீ. வீதம் இரண்டு படி என்றால் 36 செ.மீ.; சாய்தளம் 432 செ.மீ. நீளம் வேண்டும். 150 செ.மீ. பலகையில் சரிவு ஏறக்குறைய மூன்று மடங்கு. யாராயிருந்தாலும் பின்னால்தான் சாய்வார்கள்.

வாசலுக்கு நேரே அவ்வளவு இடம் இராது, முன்னால் கான் (தண்ணீர் ஓடும் வடிகால்) இருக்கும். ஆகவே சுவரோடு பக்கவாட்டில் இறக்க வேண்டும். அது பக்கத்து வீட்டு வாசலை அடைக்குமானால், இஸ்தோப்பு அடைப்பில்லாமல் நீளமாக ஓடும் லயத்தில் கடைசி வீட்டுக் காம்பராப் பக்கம் ஒன்றைக் கட்டுங்கள். முட்டுவலிக்கார ஆச்சிமாருக்கும் அது உதவும், அயலவரும் சேர்ந்து நிற்பார்கள்.

அகலம் 1 மீட்டருக்குக் குறையக்கூடாது. சாய்தளத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் 150 செ.மீ. சமதரை விடுங்கள்; கீழே விடாவிட்டால் நாற்காலி உருண்டு நேரே கானுக்குள் போகும். கானை மூடும்போது இடைவெளி 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் முன் சின்னச் சக்கரம் சிக்கும். திறந்த ஓரத்தில் 5 செ.மீ. விளிம்பும், 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் கைபிடியும் வையுங்கள்.

நம்முடைய மழைக்கும் பனிமூட்டத்துக்கும் வழுவழுப்பான சிமெந்துப் பூச்சு ஆபத்து. காய்வதற்குள் விளக்குமாற்றால் குறுக்கே கோடிழுங்கள். பாசி பிடித்தால் உடனே தேய்த்துக் கழுவுங்கள்.

லயம் தோட்டத்துக்குச் சொந்தமானால் முகாமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே கட்டுங்கள். கடிதத்தின் பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இலங்கையின் 2006ஆம் ஆண்டு அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கு உரியவை. தபாலகத்திலோ ஆஸ்பத்திரியிலோ சாய்தளம் இல்லையென்றால் அதைச் சொல்லித் தைரியமாகக் கேட்கலாம்.

கேள்வி: கோயிலுக்கு இருபது படி. அங்கே தூக்குவதைத் தவிர வழியில்லையே?
– அதே வாசகி

பதில்: முதலில் தம்பியிடம் கேளுங்கள். அவர் சரி என்ற பிறகுதான் நாற்காலியில் கை வைக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் முகம் கீழ்ப்படியைப் பார்த்தே இருக்கட்டும். பலசாலி மேலே நின்று கைபிடிகளைப் பிடித்து, நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரங்களைப் படிபடியாக உருட்ட வேண்டும். மற்றவர் கீழே நின்று சட்டகத்தைத் தாங்கட்டும். கால் வைக்கும் தட்டைப் பிடித்தால் அது கழன்று கையோடு வரும். கைபிடியின் ரப்பர் உறையும் நனைந்தால் உருவிக்கொண்டு வரும். புறப்படும் முன் இழுத்துப் பாருங்கள்.

கோயில் கமிட்டியிடமும் இப்போதே பேசுங்கள். பின்பக்கம் வாகனம் போகும் பாதை இருந்தால், திருவிழாவன்று அந்தக் கதவைத் திறந்து வைத்தாலே தூக்கும் வேலை இல்லாமல் போகும்.