ஷாட்கன்: மலிவா, உயர்ரகமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாதத்தில் இரண்டு முறை நண்பர்களுடன் சுடுதளத்துக்குச் சென்று, பறந்து வரும் களிமண் தட்டுகளைச் சுட்டு வருகிறேன். போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணம் இல்லை. இதுவரை இரவல் துப்பாக்கியிலேயே காலம் தள்ளிவிட்டேன். இனி முறைப்படி உரிமம் பெற்றுச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். குழலுக்குக் கீழுள்ள முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் மலிவான பம்ப் ஆக்‌ஷனே போதும் என்கிறார் ஒரு நண்பர். வாங்கினால் பெரட்ஸி, கிரீகாஃப் போன்ற உயர்ரகம்தான் வாங்க வேண்டும், மற்றதெல்லாம் வீண்செலவு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். நீங்கள் சுடும் தட்டு 110 மி.மீ. விட்டமும் சுமார் 105 கிராம் எடையும் கொண்டது. பெயரில்தான் களிமண்; தார் போன்ற பிட்சும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து வார்க்கப்பட்டது. 28 கிராம் தோட்டாவில், அமெரிக்க அளவில் ஏழரை எண் ரவையாக (சிறு ஈயக் குண்டு) இருந்தால், ஏறத்தாழ 350 ரவைகள் இருக்கும். அவற்றில் ஒரு சில சரியாகப் பட்டாலே தட்டு உடைந்துவிடும். ஒரே அளவு சோக் (குழல் முனையின் ஒடுக்கம்) பொருத்திய, பழுதில்லாத இரண்டு குழல்களிலிருந்து அந்த ரவைகள் விரிந்து செல்லும் விதத்தில், விலையால் மட்டும் பெரிய வேறுபாடு வந்துவிடாது.

வேறுபாடு தொடங்குவது துப்பாக்கி உங்கள் உடம்பில் எப்படி உட்காருகிறது என்பதில்தான். ரைஃபிளில் இருப்பது போல ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. உங்கள் கண்ணே பின்குறி. தோளில் பதியும் பின்கட்டையின் மேல்விளிம்பில் கன்னம் எந்த உயரத்தில் பதிகிறதோ, அந்த உயரம்தான் ரவை மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. கண்ணுக்கும் குழலின் முன்முனையில் குறிபார்க்க உள்ள சிறு மணிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இருப்பதால், கன்னம் வெறும் 3 மி.மீ. உயர்ந்தால் 36 மீட்டர் தொலைவில் ரவைக்கூட்டம் சுமார் 10 செ.மீ. மேலே போய்விடும். அதாவது, கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டின் அகலம். ஆகவே உங்களுக்குப் பொருந்தாத விலையுயர்ந்த துப்பாக்கியைவிட, பொருந்துகிற மலிவான துப்பாக்கி அதிகத் தட்டுகளை உடைக்கும். இதைக் கடையில் யாரும் முதலில் சொல்வதில்லை என்பது எனக்கு எப்போதுமே வருத்தம்தான்.

அடுத்தது எடை. வேட்டைக்கென்று செய்யப்பட்ட மலிவான மாதிரிகள் பல 3 கிலோ அளவில் இருக்கும். நாள் முழுவதும் சுமந்து நடப்பதற்கு அது வசதி. இலக்குச் சுடுதலுக்கென்றே செய்யப்பட்டவை மூன்றரை முதல் நான்கு கிலோ வரை இருக்கும். ஒரே தோட்டாவைப் போட்டால் உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதால், 3.6 கிலோவுக்குப் பதில் 3 கிலோ துப்பாக்கியை எடுத்தால் உதை 20 விழுக்காடு கூடும். ஒரு சுற்று என்பது 25 தட்டுகள். முதல் சுற்றில் தெரியாத இந்த வேறுபாடு நான்காவது சுற்றில் தோளில் தெரியும்; அதன்பின் விசையை இழுக்கும் நொடியில் உடம்பு தானாகவே சுருங்கத் தொடங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதை விடுவிக்கப் பல மாதங்கள் ஆகும்.

பம்ப் ஆக்‌ஷனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1950இல் வெளிவந்த ரெமிங்டன் 870 போன்றவை எளிமைக்கும் உழைப்புக்கும் பெயர்பெற்றவை. தனித்தட்டு மட்டும் சுடுவதாக இருந்தால் அது தாராளமாகப் போதும். ஆனால் ஸ்கீட், ஸ்போர்ட்டிங் கிளே ஆகிய தட்டுச் சுடுதல் வகைகளில் இரண்டு தட்டுகள் சேர்ந்தே பறக்கும்போது, இடையில் முன்கட்டையை இழுத்துத் தள்ள வேண்டியிருப்பதால், புதியவருக்கு இரண்டாவது தட்டின் மீதிருக்கும் கவனம் சிதறிவிடுகிறது. சுடும்போது எழும் வாயுவால் இயங்கி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி துப்பாக்கி இந்தச் சிக்கலைத் தீர்ப்பதோடு, உதையையும் சற்று நீளமான நேரத்துக்குப் பரப்பி மென்மையாக்குகிறது. அதற்கு ஈடாக அடிக்கடி கரி நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். வெற்றுத் தோட்டாக்கள் பக்கத்தில் நிற்பவர் மீது தெறிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலும் கீழுமாக இரு குழல் கொண்ட ஓவர்-அண்டரில் இரண்டு குழலுக்கும் வெவ்வேறு சோக் வைக்கலாம்; மடக்கித் திறந்துவிட்டால் அது காலியாக இருப்பது தளத்தில் நிற்கும் எல்லோருக்கும் கண்ணால் தெரியும்.

உயர்ரகத்தில் கொடுக்கும் பணம் வீண் என்றும் சொல்ல முடியாது. 1957இல் இத்தாலியில் தொடங்கப்பட்ட பெரட்ஸியின் துப்பாக்கியோடுதான் என்னியோ மத்தாரெல்லி 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் டிராப் என்ற பறக்கும் தட்டுச் சுடும் பிரிவில் தங்கம் வென்றார். விசைத் தொகுதியைக் கையாலேயே கழற்றி மாற்றும் வசதி, கையால் இழைத்துப் பொருத்திய பூட்டு, சுடுபவரின் அளவுக்கே செதுக்கிய பின்கட்டை ஆகியவை ஆண்டுக்குப் பல்லாயிரம் தோட்டாக்கள் சுடுபவருக்கு உண்மையான பயன் தருபவை. நீங்கள் மாதம் இரண்டு முறை, முறைக்கு நான்கு சுற்று சுடுவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 2,400 தோட்டாக்கள், பத்தாண்டில் 24,000. பெரெட்டா 686 அல்லது 1973இலிருந்து ஜப்பானில் மிரோக்கு தயாரித்துவரும் பிரவுனிங் சிடோரி போன்ற நடுத்தர ஓவர்-அண்டருக்கு அது பெரிய சுமையே அல்ல. உங்களைப் போன்றவருக்கு என் பரிந்துரை அந்த நடுத்தரப் படிதான். அதன் விலை கைக்கு அடங்காவிட்டால், கன்ன உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஓர் அரைத்தானியங்கி. மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவுக்கும், சில வகுப்புகளுக்கும், நல்ல காதுக்காப்புக்கும் கண்ணாடிக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: புதிய மலிவான ஓவர்-அண்டர் ஒன்றும், ஏற்கெனவே பயன்படுத்திய நடுத்தர ரகம் ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. பழையதை வாங்கப் பயமாக இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: பழையதை நன்றாகச் சோதித்துப் பார்த்து அதையே வாங்குங்கள். மலிவான புதியவற்றில் நன்றாக உழைப்பவையும் உண்டு. ஆனால் விசையின் இழுப்பும், வில்களின் தரமும், உதிரிப்பாகம் பத்தாண்டு கழித்தும் கிடைக்குமா என்பதும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பெரிதும் மாறுபடுகின்றன.

முதலில் இரண்டு குழலும் காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூடிய நிலையில் மேலேயுள்ள திறப்பு நெம்புகோல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதிதாக இருக்கும்போது அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும். பூட்டு தேயத் தேய நடுவுக்கு வந்து, பிறகு இடப்புறம் தாண்டும். இனி முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி, கைப்பிடிக் கழுத்தைப் பிடித்து மெதுவாக அசையுங்கள். குழல் கடகடத்தால் கீல் தளர்ந்திருக்கிறது. கீல் தளர்வு மட்டும்தான் குறை என்றால் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பெரெட்டாவில் கீல் ஊசிகளை மாற்றிச் சீராக்க முடியும், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால் ஒளி வளையங்கள் ஒழுங்கான வட்டமாகத் தெரிய வேண்டும். எங்கேனும் வளைந்தோ உடைந்தோ தெரிந்தால் அங்கே நசுங்கலோ புடைப்போ இருக்கிறது. புடைத்த குழலை யார் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம்.

பிறகு வெற்றுப் பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு இரண்டு குழலுக்கும் விசையை இழுத்துப் பாருங்கள். சில மாதிரிகளில் முதல் சுடுதலின் உதையே இரண்டாம் குழலுக்கான விசையைத் தயார் செய்யும். அவற்றில் இடையே பின்கட்டையை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இது தெரியாமல் நல்ல துப்பாக்கியைப் பழுதென்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. திறந்ததும் இரண்டு தோட்டாக்களும் ஒரே நேரத்தில் வெளியே வந்து விழுகின்றனவா என்பதைக் கடைசியாகப் பாருங்கள். ஈயத்துக்குத் தடையுள்ள தளத்தில் சுடுவதாக இருந்தால், இறுக்கமான, கழற்ற முடியாத நிலைச்சோக் கொண்ட பழைய குழலில் எஃகு ரவை போடலாமா என்பதைத் துப்பாக்கிப் பணியாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: என் மனைவியும் சுடப் பழக விரும்புகிறார். சிறிய உடல்வாகு. அவருக்காக மிகவும் எடை குறைந்த, மலிவான துப்பாக்கி ஒன்று வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். எடை குறையக் குறைய உதை கூடும் என்று மேலே சொன்னேன். புதியவரை இந்த விளையாட்டைவிட்டே துரத்துவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. விசையிலிருந்து பின்கட்டையின் முனை வரையுள்ள நீளத்தை அவர் கைக்கு ஏற்பக் குறைத்து, வாயுவால் இயங்கும் 20 கேஜ் (சிறிய குழல் அளவு) அரைத்தானியங்கி ஒன்றை 21 அல்லது 24 கிராம் தோட்டாவோடு கொடுங்கள். உங்கள் துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாவது அவருடையதில் செலவு செய்யுங்கள்.

கேள்வி: ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகள், ஒன்றின் விலை மற்றதைவிடப் பலமடங்கு. செதுக்கு வேலைப்பாட்டைத் தவிர வேறு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அழகுக்காக அவ்வளவு கொடுப்பது தவறா?

பதில்: தவறில்லை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெரெட்டா 686, 687 இரண்டிலும் அடிப்படை இயக்கம் ஒன்றே, செதுக்கலும் மரத்தின் தரமுமே முக்கிய வேறுபாடு. வாழ்நாள் முழுவதும் கையில் வைத்திருக்கப் போகும் பொருள் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்ற ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் வால்நட் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சுழலும் கோலமும் பின்கட்டையின் அகன்ற பகுதியில் இருக்கட்டும், கைப்பிடிக் கழுத்தில் ரேகைகள் நேராக ஓட வேண்டும். உதை முழுவதும் அந்த ஒடுங்கிய இடத்தின் வழியாகவே தோளுக்கு வருகிறது. ரேகை குறுக்கே ஓடினால், எவ்வளவு அழகான மரமாக இருந்தாலும் விரிசல் விடுவது அங்கேதான்.